சான்றிதழ் இருந்தால் மட்டும் போதுமா?

மாணவர்களே! சாதாரண தரப் பரீட்சை முடிந்த பின்னர் உங்களுள் சிலர் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ விண்ணப்பிப்பீர்கள். அப்போது பாடசாலை அதிபரின் நற்சான்றிதழையும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் கேட்பார்கள். வெளிநாடு செல்பவர்களிடம் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கப்படுவதுண்டு. "என்னைப் பார்த்தால் கள்ளன் மாதிரியா இருக்கிறது, சேர்?" என்று சென்ற தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது; நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவனது கேள்விக்கு உரிய விடையை இங்கே எழுதுகிறேன்.

ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்துவதற்கு முன்னர் அவர் யார், முன்பு எங்கே வேலை செய்தார், குற்றம் ஏதும் செய்து தண்டிக்கப்பட்டவரா என்பவற்றை ஆராய்வதே பின்னணிச் சோதனை எனப்படும். இது புதிய விடயம் அன்று. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின்னர் அவரையே ஐயுறுவதும் துன்பம் தரும் என்பது அதில் கூறப்படும் ஒரு கருத்தாகும். எனது நிலைப்பாடும் இதுவே. பின்னணிச் சோதனை அவசியமானது. ஆனால் அது பெயரளவில் அன்றி உண்மையாகவும், அதேவேளை அளவோடும் செய்யப்பட வேண்டும்.

பெயரளவில் செய்தால் என்ன நடக்கும்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் சோஹாம் என்ற சிறிய நகரம் உள்ளது. 2002 ஓகஸ்ட் மாதத்தில் அங்கு பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலை செய்யப்பட்டனர். கொலையாளி அந்நகரின் இடைநிலைப் பாடசாலையொன்றில் பராமரிப்பாளனாக வேலை பார்த்தவன். 2003 டிசெம்பரில் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே மக்கள் அதிர்ச்சியூட்டும் செய்தியொன்றை அறிந்தனர். அவன் முன்பு வாழ்ந்த ஹம்பர்சைட் பகுதியில், 1995 முதல் 1999 வரையான காலத்தில், அவன்மீது பாலியல் குற்றம் தொடர்பான முறைப்பாடுகள் பல பொலிசாருக்குக் கிடைத்திருந்தன. அவற்றுள் எதிலும் அவன் தண்டிக்கப்படவில்லை.

அப்படியாயின் அவனைப் பற்றிச் சோதிக்கவே இல்லையா? சோதித்தார்கள். அதுதான் இங்கு நாம் கவனிக்க வேண்டிய விடயம். இதனை ஆராய்ந்த சேர் மைக்கல் பிச்சார்ட் 2004 ஜூன் மாதத்தில் தமது அறிக்கையை வெளியிட்டார். அதில் வெளிப்பட்ட குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, ஹம்பர்சைட் பொலிசார் ஒவ்வொரு முறைப்பாட்டையும் தனித்தனியாகவே நோக்கினர். தகவல்களை ஒழுங்காகப் பேணவும் இல்லை. இரண்டாவது, அவன் இரண்டு குடும்பப் பெயர்களைப் பயன்படுத்தியிருந்தான்; வேலைக்கான சோதனையில் ஒரு பெயர் மட்டுமே தேடப்பட்டது. மூன்றாவது, பாடசாலையும் அவனது முன்னைய வேலை விபரங்களை முறையாகச் சரிபார்க்கவில்லை.

படிவம் நிரப்பப்பட்டது; அலுவல் முடிந்தது; உண்மை மட்டும் வெளிவரவில்லை. சோதனை சரியாக நடந்திருந்தால் அக்கொலைகள் நிச்சயமாகத் தடுக்கப்பட்டிருக்கும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அவனுக்கு வேலை கிடைக்காமல் போயிருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆராயாமல் கொடுக்கப்பட்ட சான்றிதழும் அத்தகையதே.

பிச்சார்ட் அறிக்கை 31 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றைத் தொடர்ந்து 2006இல் பிரித்தானியாவில் புதிய சட்டமொன்று இயற்றப்பட்டது. பிள்ளைகளுடன் வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலைப் பேணுவது அதன் முக்கிய ஏற்பாடாகும். ஒரு துயரச் சம்பவம் நாட்டின் கொள்கையையே மாற்றியமைத்தது எனலாம்.

அளவு மீறினால் என்ன நடக்கும்?

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே இங்கிலாந்தில், 2002ஆம் ஆண்டிலேயே, பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் திருடப்பட்ட இரண்டு சைக்கிள்கள் தொடர்பாகப் பொலிசார் எச்சரிக்கை வழங்கினர். அதன்பின் அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. எனினும் பதினேழு வயதில் உதைபந்தாட்டக் கழகமொன்றில் பகுதிநேர வேலை தேடியபோதும், பத்தொன்பது வயதில் விளையாட்டுத்துறைக் கற்கைநெறிக்குச் சென்றபோதும் அந்தப் பழைய எச்சரிக்கை அறிக்கையில் வந்து நின்றது. அவன் நீதிமன்றம் சென்றான். பழைய சிறு தவறுகளையும் விதிவிலக்கின்றி வெளிப்படுத்துவது தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமைக்கு முரணானது என 2014இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய சிறு குற்றங்களை அறிக்கையிலிருந்து வடிகட்டும் விதிகள் அதற்கு முந்திய ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டிருந்தன.

பதினொரு வயதில் செய்த தவறுக்காக ஒருவனுக்கு வாழ்நாள் முழுவதும் கதவை அடைப்பது பாதுகாப்பு ஆகாது. அது அவனை மீண்டும் தவறான வழிக்கே தள்ளிவிடும். அதேபோல், ஒருவருடைய பெயர், மொழி, பிறந்த ஊர் என்பவற்றை வைத்துச் சந்தேகிப்பதும் பின்னணிச் சோதனை ஆகாது. அதற்குப் பெயர் பாரபட்சம். குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளியாகவே கருதப்பட வேண்டும் என்று எமது அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை கூறுவதைக் குடியியற் பாடத்தில் நினைவில் வைத்திருங்கள்.

எமக்கு இதில் என்ன பாடம்?

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளைப் பராமரிக்கும் நிறுவனங்களில் பணியாற்றுவோர் அதற்குப் பொருத்தமானவர்களாக இருக்க வேண்டும் என்பதை அதன் 3ஆம் உறுப்புரை வலியுறுத்துகிறது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் உருவாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்?

என்னையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். மாலை ஏழு மணி வரை பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். "சென்ற வருடம் எத்தனை பேருக்கு ஏ சித்தி?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. "நீங்கள் யார்? முன்பு எங்கே படிப்பித்தீர்கள்? ஏன் அங்கிருந்து வந்தீர்கள்?" என்று இதுவரை ஒருவரேனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்குமா? ஆரம்பத்தில் வந்திருக்கலாம். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு ஆசிரியர் தேடும்போது நானும் இவற்றைக் கேட்கத்தான் போகிறேன். ரியூசன் ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர், பாடசாலை வான் சாரதி ஆகிய அனைவரும் இக்கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.

எனவே, நல்ல பின்னணிச் சோதனை நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும். சான்றிதழில் உள்ளவர் உண்மையில் இவர்தானா? கேட்கப்படும் தகவல் அந்த வேலையுடன் தொடர்புடையதா? குற்றம் எவ்வளவு பாரதூரமானது, எத்தனை ஆண்டுகள் பழையது? தம் பக்க விளக்கத்தைக் கூற அவருக்குச் சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டதா? முதலாவதை விட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஏனைய மூன்றையும் விட்டால் நிரபராதிகளுக்கும் திருந்தியவர்களுக்கும் அநீதி.

மாணவர்களே, நாளை உங்களிடம் நற்சான்றிதழ் கேட்டால் மனம் சுருங்காதீர்கள். அது உங்கள்மீதான குற்றச்சாட்டு அன்று. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. உங்களைப் பொறுப்பேற்பவர் எவராயினும், அவர் யார் என்று கேட்கும் உரிமை உங்கள் பெற்றோருக்கும் உண்டு. எவராவது உங்களுக்குத் தொல்லை தந்தால் மறைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. சோஹாம் சம்பவத்தில் முறைப்பாடுகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் எவரும் இருக்கவில்லை.

சிந்திப்பதற்கு:
1. "பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தனிமனித உரிமையை ஓரளவு விட்டுக்கொடுக்கலாம்." இக்கூற்றுடன் நீர் உடன்படுகிறீரா? காரணம் தருக.
2. உமது ஊரில் பிள்ளைகளுடன் பணியாற்றுவோரைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய மூன்று விடயங்களைக் குறிப்பிடுக.