பல ஓடை, ஒரு குளம்

சென்ற தைத் திங்களில் நம் சங்க விழாவுக்கென்று நெடுமங்காட்டிலிருந்து ஓர் அம்மையார் பெயரனைக் கைப்பிடித்துக்கொண்டு கரமனைக்கு வந்தார். மண்டபம் பூட்டிக் கிடந்தது. விழாவை மறுநாளுக்கு மாற்றியிருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோம். முகநூலில் அறிவிக்க மறந்தோம். சங்க இணையதளத்திலோ பழைய நாளே நின்றது. அம்மையார் நம்பி வந்தது இணையதளத்தை. வெயிலில் நின்று திரும்பிய அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நம்மை உறுத்துகிறது.

ஒரே செய்தியை மூவர் மூன்று இடங்களில் தட்டச்சிட்டதுதான் பிழைக்கு வேர். இன்று எந்தச் சங்கமும் எல்லாவற்றையும் தானே கட்டிக்கொள்வதில்லை. சொற்பொழிவு யூடியூபில் இருக்கும். நாட்காட்டி கூகுளில் இருக்கும். நிழற்படங்கள் வேறோரிடத்தில் இருக்கும். இவற்றுள் பலவும் தம்மிடம் புதிதாகச் சேர்வதை வெளியே விடும் மடையொன்றை வைத்துள்ளன. அதன் வழி வருவதற்குத் தமிழில் ஓடை என்றே பெயர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. செய்திக்கு 1999இல் தோன்றிய ஆர்.எஸ்.எஸ். முறையும், நாட்காட்டிக்கு ஐகேலண்டர் முறையும் உண்டு. நம் தளம் இவ்வோடைகளைக் குறித்த நேரத்துக்கொரு முறை படித்துத் தன் பக்கத்தில் அடுக்கிக்கொள்ளும். ஆதலின் செயலாளர் நாட்காட்டியில் ஒரு முறை திருத்தினால் போதும். அந்தத் திருத்தம் வந்து சேரச் சில வேளை பல மணி நேரம் ஆகும். விழா நாளன்றே மாற்றம் நேர்ந்தால் தொலைபேசியே துணை.

ஓடைகள் கலக்குமிடத்தில்தான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. நம் நகரின் பெயரையே பாருங்கள். ஓரிடத்தில் திருவனந்தபுரம், மற்றோரிடத்தில் திருவநந்தபுரம், பிறிதோரிடத்தில் ட்ரிவாண்ட்ரம். 1991இல் ஆங்கிலப் பெயர் மாறியும் பழைய பதிவுகள் மாறவில்லை. கொச்சுவேளி நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து வரும் உறவினரோ இன்னும் கொச்சுவேளி என்றே சொல்கிறார். மனிதருக்கு இவை ஒன்று. எந்திரத்துக்கு வெவ்வேறு ஊர்கள். வந்த பெயரை நாம் வகுத்த பெயராக மாற்றும் பட்டியலொன்று வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட இதழ்களையும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். எனினும் தளத்துக்கு ஒரு முகம் கிடைப்பது இதனால். வண்ணமும் அலங்காரமும் பின்னர்.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். உதவி வேண்டும் குரல்கள் தொலைபேசியிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடந்தன. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில ஐ.டி. மிஷன், தன்னார்வப் பொறியாளர்களோடு சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்னும் தளத்தைத் திறந்து அவற்றை ஒரு பதிவேட்டில் சேர்க்க முனைந்தது. ஒரே வீட்டின் வேண்டுகோள் பலர் கைமாறிப் பலமுறை வந்தது; மீட்கப்பட்டவரின் செய்தியும் ஓயாமல் சுற்றியது. தன்னார்வலர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு உண்மை அறிய வேண்டியிருந்தது. ஓடையில் வரும் செய்திக்கு அடையாளக் குறியொன்று வைக்கும் வழக்கம் இத்தகைய இரட்டிப்பைத் தடுப்பதற்கே. அக்குறியைக் களையும் தளக்காரரை நாம் நம்புவதற்கில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடைகளைக் கலந்து தரும் யாஹூ பைப்ஸ் 2007இல் பெரும் ஆரவாரத்தோடு வந்தது, 2015இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013இல் போயிற்று. 2019இல் கூகுள் பிளஸ் மூடியபோது அங்கேயே எழுதி அங்கேயே வைத்திருந்தோர் பலர் தவித்தனர். இலவசமாகக் கிடைக்கும் இடம் வாடகை வீடுதான். உரிமைக்காரர் பூட்டினால் கேட்க வழியில்லை. ஆகவே இணைய முகவரி சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு படத்தின் மூலப் படியும் அலுவலகத்து வன்தட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த திங்கள் முதல் விழா நாட்களை நாட்காட்டியில் செயலாளர் ஒருவரே குறிப்பார். அன்பர்கள் வேறெங்கும் தனியே நாள் குறித்து இடாமல், தளத்தின் இணைப்பையே பகிர வேண்டுகிறோம். நெடுமங்காட்டு அம்மையாருக்கு மட்டும், ஒவ்வொரு விழாவுக்கும் முன்னாள் மாலை நாமே தொலைபேசியில் சொல்வதென முடிவு செய்துள்ளோம்.