சூரைச்செடியின் கீழே

மூன்று நான்கு வாரம் ஆராதனைக்கு வராத ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம் சபைகளில் தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது: விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார். வேலை போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், காரணமே தெரியாமல் மனம் இருண்டு கிடப்பவர் எல்லாருக்கும் இந்த ஒரே தீர்ப்புதான். இது எனக்குத் தாங்கவில்லை. வேதம் இப்படிப் பேசவே இல்லை.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர் அவர். அடுத்த அதிகாரத்தில், முதலாம் இராஜாக்கள் 19இல், ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். இனி முடியாது என்று கடவுளிடமே சொல்கிறார். அந்த மனிதரைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார் எலியா. அதற்கும் கோபமில்லை. தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். போகவேண்டிய வழி நெடியது என்கிறான்.

இரண்டு தூக்கம், இரண்டு வேளை உணவு. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடந்த பின்பு.

அப்பா இறந்த சமயத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எடுத்துச் சொன்ன வசனங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பேசாமல் பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு அக்காவை நினைவிருக்கிறது. தேவன் என்னைக் கைவிடவில்லை என்று அந்த வாரத்தில் நான் நம்பியது அந்த அக்காவால்தான்.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் தவிப்பவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவதும் தூதன் எலியாவுக்குக் கொடுத்த அந்த அடையைச் சேர்ந்ததே. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

புலம்புவதற்கும் வெட்கப்படவேண்டாம். 88ஆம் சங்கீதத்தை முழுதும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களைப்போல அது கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதைப் பாடியவர் கடவுளைப் பார்த்துத்தான் பேசுகிறார். அதை ஜெபமாக ஏற்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சிலுவையில் நம் ஆண்டவர் 22ஆம் சங்கீதத்தின் முதல் அடியைக் கதறினார். கைவிடப்பட்ட வேதனை அவருக்குத் தெரியும். அதனால்தான் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை, அழுகிற வீட்டில் நின்று என்னால் சொல்ல முடிகிறது.

ஓரேபிலும் எலியா மாறிவிடவில்லை. நான் ஒருவன் மாத்திரம் மீதி என்ற அதே முறையீட்டை இரண்டு முறை சொல்கிறார். தேவன் அவரோடு வாதாடவில்லை, வேலை கொடுக்கிறார். பாகாலுக்கு முழங்கால் முடக்காதவர்கள் இன்னும் 7,000 பேர் இருப்பதாகச் சொல்கிறார். அதோடு கூட நடக்க ஓர் ஆளையும் காட்டுகிறார். எலியா மலையிலிருந்து இறங்கிப் போனபோது, பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலில் எலிசா உழுதுகொண்டிருந்தான்.