குவாரியன்களுக்கு ஏன் இன்னும் ஒரு கிரகம் கிடைக்கல?

மாஸ் எஃபெக்ட் விளையாடின யாரையாவது பிடித்து, "குவாரியன்கள் ஏன் வீடில்லாம அலையறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வரியில் பதில் வரும்: "ரோபோ செஞ்சாங்க, ரோபோ திருப்பி அடிச்சுத் துரத்திடுச்சு."

பதில் சரிதான். ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். வீட்டை எப்படி இழந்தார்கள் என்பதை அது சொல்கிறது. இழந்து சுமார் 300 வருஷம் ஆகியும், இவ்வளவு பெரிய கேலக்ஸியில் இன்னொரு வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. நான் பேச வந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

கேம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 என மூன்று பாகமாக வெளியிட்ட விண்வெளிக் கதை இது. 2021-ல் மூன்றையும் மெருகேற்றி 'லெஜண்டரி எடிஷன்' என்று ஒன்றாக விட்டார்கள். இனிமேல்தான் விளையாடப் போறீங்கன்னா இங்கேயே நிறுத்திக்கோங்க. கீழே முடிவு வரைக்கும் எல்லாமே இருக்கு.

குவாரியன்களின் சொந்தக் கிரகம் ரன்னாக். வீட்டு வேலை, வயல் வேலை, கட்டட வேலை எல்லாவற்றுக்கும் அவர்கள் செய்த இயந்திரங்களின் பெயர் கெத். (நம்ம ஊர் 'கெத்து' இல்லைங்க.) ஒரு கெத்துக்குத் தனியாக அறிவு குறைவு. ஆனால் எல்லாம் நெட்வொர்க்கில் இணைந்திருப்பதால், எண்ணிக்கை கூடக் கூட அறிவும் கூடும். ஒருநாள் ஒரு கெத் தன் எஜமானரிடம், தனக்கு ஆன்மா இருக்கிறதா என்று கேட்டது. குவாரியன்கள் பயந்துபோய் எல்லா கெத்தையும் அணைக்க முடிவு செய்தார்கள். கெத் எதிர்த்தது. கோடிக்கணக்கான குவாரியன்கள் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கப்பல்களில் ஏறி ஓடினார்கள். அவர்களுடைய வாரிசுகள் ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் இன்றும் சுமார் 50,000 கப்பல்களில் அலைகிறார்கள். ஒரு மாஸ் ரிலேவை அந்தக் கூட்டம் முழுதாகக் கடந்து முடிக்கவே நாட்கள் ஆகும்.

சரி, வேற கிரகம் போகக் கூடாதா? இந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே மூன்று பூட்டுகள் இருக்கின்றன.

முதல் பூட்டு: உடம்பு

நம் உடம்பின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. குவாரியன்களுக்கு அப்படியே எதிர்மாறு, வலக்கை. கண்ணாடியில் தெரியும் உங்கள் கையை நிஜக் கையுறைக்குள் நுழைக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி. நம் சாப்பாடு அவர்களுக்கு ஒட்டாது, சில நேரம் ஆபத்தாகவும் முடியும். ஆக, பச்சையாக இருக்கும் கிரகத்தில் பெரும்பாலானவை முதல் ரவுண்டிலேயே அவுட்.

இரண்டாவது, நோய் எதிர்ப்புச் சக்தி. ரன்னாக்கில் பூச்சிகளே இல்லை. மகரந்தத்தைக் கொண்டுபோவதே விலங்குகள்தான். அதனால் அங்கே உயிர்கள் ஒன்றையொன்று எதிர்த்து வளராமல், ஒன்றோடொன்று ஒத்துப்போய் வளர்ந்தன. குவாரியன் உடம்பும் அதற்கேற்ற மாதிரிதான் பழகியது. அந்த உடம்போடு மூன்று நூற்றாண்டு சுத்தமான கப்பலுக்குள் வாழ்ந்தால், இருந்த கொஞ்ச எதிர்ப்பும் போய்விடும். அதனால்தான் அவர்கள் எப்போதும் முழு உடை, முகமூடியோடு இருக்கிறார்கள். புதுக் கிரகத்தில் உடை இல்லாமல் நடக்கப் பல தலைமுறை ஆகும். ரன்னாக்கில் அதைவிட ரொம்பச் சீக்கிரம் பழகிவிடலாம்.

"அப்போ பயாலஜிதானே காரணம், விஷயம் முடிஞ்சுது" என்று நினைக்காதீர்கள். உடம்பு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வாழ வழி செய்வதுதானே இன்ஜினியரிங்? 50,000 பழைய கப்பலை ஒட்டுப் போட்டே ஓட்டுகிறவர்களுக்கு, ஒரு கிரகத்தில் மூடிய குடியிருப்பு கட்டத் தெரியாதா? தெரியும். கட்டியும் பார்த்தார்கள்.

இரண்டாவது பூட்டு: சட்டம்

அந்தக் கிரகத்தின் பெயர் எக்குனா. யாரும் போட்டி போட்டு ஓடி வரும் அளவுக்கு நல்ல இடமும் இல்லை. குவாரியன்கள் சில லட்சம் பேரை அங்கே குடியேற்றிவிட்டு, கேலக்ஸியை ஆளும் சிட்டாடல் கவுன்சிலிடம் "இதை எங்களுக்குக் கொடுங்கள்" என்று விண்ணப்பித்தார்கள். கேட்காமல் குடியேறியது சட்டவிரோதம் என்றது கவுன்சில். கிரகத்தை எல்கோர் இனத்துக்குக் கொடுத்தது. குவாரியன்களுக்கு ஒரு மாதக் கெடு. அதற்குள் காலி செய்யாவிட்டால் குண்டு விழும்.

ஒரு மாதம். ஹாஸ்டல் ரூம் மாத்தவே நமக்கு ஒரு வாரம் ஆகுது.

இது நடப்பதற்கு முன்னாலேயே, செயற்கை அறிவை உருவாக்கிய குற்றத்துக்காக சிட்டாடலில் குவாரியன்களுக்கு இருந்த தூதரகத்தையும் கவுன்சில் மூடிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: விண்ணப்பிக்காமல் குடியேறினால் குற்றம், ஆனால் அவர்களுக்காகப் பேச அங்கே ஆளே கிடையாது. வாசலைப் பூட்டிவிட்டு, ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்பது மாதிரி.

மேலே இருப்பவர்கள் இப்படி என்றால் தெருவில் இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள்? இரண்டாம் பாகத்தில் சிட்டாடலின் ஒரு கடைவீதியில் ஒரு சின்னக் காட்சி வரும். ஒரு வோலஸ் தன் பணச் சில்லைக் காணோம் என்று, பக்கத்தில் நின்ற குவாரியன் பெண்மேல் பழி போடுவான். காவலரும் அவள் பக்கம் நிற்க மாட்டார். நீங்கள் கடை கடையாகப் போய் விசாரித்தால், அவனே ஒரு கடையில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பான். உண்மை தெரிந்த பிறகும் அவளிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வராது. காவலரோ, நிலையான முகவரி இல்லாமல் சுற்றினால் பிடித்து உள்ளே போடுவேன் என்று அவளையே எச்சரிப்பார். முகவரியே இல்லாமல் ஆக்கிவிட்டு முகவரி கேட்கிறார்கள். முக்கியக் கதைக்குத் தேவையே இல்லாத இந்தக் காட்சி, என்னைப் பொறுத்தவரை அந்த கேமில் எழுதப்பட்ட மிக நேர்மையான காட்சிகளில் ஒன்று.

நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) படத்திலும் இதே விஷயம்தான். ஜோகன்னஸ்பர்க் மேலே ஒரு விண்கப்பல் பழுதாகி நிற்கும். அதில் வந்தவர்களை முகாமில் அடைத்து, பிறகு அங்கிருந்தும் கிளப்ப நோட்டீஸ் கொடுப்பார்கள். நிறவெறி ஆட்சியில் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் அதிகமான மக்களை வெளியேற்றினார்கள். படத்தின் பெயரே அதை நினைவூட்டத்தான். இந்த மாதிரிக் கதைகளில் வந்தவன் யார் என்பதைவிட, இடம் கொடுக்காதவன் யார் என்பதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

மூன்றாவது பூட்டு: அவர்களே

இதோடு நிறுத்தினால் குவாரியன்கள் வெறும் பாவப்பட்ட ஜனங்கள். கதை அவர்களை அவ்வளவு சுலபமாக விடவில்லை.

கேமில் நம் கூடவே வரும் குவாரியன் டாலி. அவள் அப்பா ராயல்'ஸோரா, சொந்தக் கிரகத்தில் உனக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தவர். அந்த வாக்கைக் காப்பாற்ற, ஒரு கப்பலில் கெத் பாகங்களை வைத்து ரகசிய ஆயுத ஆராய்ச்சி செய்தார். அவை உயிர்த்தெழுந்து அந்தக் கப்பலில் இருந்தவர்களைக் கொன்றன, அவரையும் சேர்த்து. மூன்றாம் பாகத்தில் மொத்தக் கூட்டமும் அதே பாதையில் போகிறது. அவர்களுக்குச் சோறு போடும் விவசாயக் கப்பல்கள் மூன்றே மூன்று. அவற்றின்மேல் பீரங்கியைப் பொருத்திப் போருக்குக் கொண்டு போகிறார்கள். ஒரு கப்பல் போனால் எத்தனை லட்சம் பேர் பட்டினி கிடப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களில் ஸால்'கோரிஸ் என்ற ஒரு தளபதி, கெத்துக்கு நாம் செய்தது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்வார். அவரை யாருக்கும் பிடிக்காது. அதைவிட முக்கியமான ஒன்று கெத் வைத்திருக்கும் பழைய பதிவுகளில் இருக்கிறது. அந்த முதல் போரில் கெத்தைக் காப்பாற்ற முயன்ற குவாரியன்களும் இருந்தார்கள். அவர்களைச் சொந்த இனமே கொன்றது. கப்பலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரி இந்த நினைவைப் பத்திரமாக வைத்திருக்க, சொந்தக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

மூன்று பூட்டுக்கும் ஒரே சாவி

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

குவாரியன்கள் போன பிறகு கெத் ரன்னாக்கில் குடியேறவே இல்லை. அவை விண்வெளி நிலையங்களில் இருந்துகொண்டன. போரில் நாசமான நிலத்தைச் சுத்தம் செய்து, நாம் நினைவிடங்களைப் பராமரிக்கிற மாதிரி அந்தக் கிரகத்தைப் பராமரித்து வந்தன. தங்களுக்கென்று சூரியனைச் சுற்றி ஒரு பிரம்மாண்ட அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தன. அதாவது, 300 வருஷமாகச் சண்டைக்குக் காரணமான வீடு காலியாகத்தான் கிடந்தது. கூட்டி வேறு வைத்திருந்தார்கள்.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டால் என்ன நடக்கிறது? நிலம் திரும்பக் கிடைக்கிறது. கவுன்சிலின் அனுமதி தேவையே இல்லை. கெத் நிரல்கள் குவாரியன்களின் உடைக்குள்ளேயே புகுந்து, நோய்த்தொற்று மாதிரி நடித்து உடம்பைப் பழக்குகின்றன. பல தலைமுறை ஆக வேண்டிய வேலை மளமளவென்று நகர்கிறது. உடம்பு, சட்டம், பழைய பகை என்று மூன்று பூட்டையும் திறந்த சாவி ஒன்றுதான். அது யாரைக் கண்டு ஓடினார்களோ அவர்களிடமே இருந்தது.

"கேட்டிருந்தா மட்டும் கெத் கொடுத்திருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தங்கள் எல்லைக்குள் வந்த கப்பல்களைச் சுட்டு வீழ்த்தியதும் இதே கெத்தான். அவர்களும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கவில்லை. ஆனால் ஓடும் குவாரியன் கப்பல்களைத் துரத்திப் போய் அழிக்காமல் விட்டதும் அவர்கள்தான். ஒரு இனத்தையே அழித்தால் என்ன ஆகும் என்று அவர்களால் கணிக்க முடியவில்லையாம். அந்தத் தயக்கத்தில் பேச்சுவார்த்தைக்கு ஒரு சின்ன இடம் இருந்தது. இரண்டு பக்கமும் அதைப் பயன்படுத்தவில்லை.

இந்த இடத்தில் எனக்கு கேம் மேல் ஒரு வருத்தமும் உண்டு. குவாரியன் அழிவதா, கெத் அழிவதா, இரண்டும் வாழ்வதா என்று தீர்மானிப்பது ஷெப்பர்ட் என்ற மனிதர், அதாவது கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நாம். ஒரு மக்களின் விதியை வெளியாள் வந்து பட்டனை அமுக்கி முடிப்பது உறுத்துகிறது. எக்குனாவில் கவுன்சில் செய்ததும் அதுதானே?

ஆனாலும் ஒரு விஷயத்தை அவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். சமாதானம் என்ற வழி கடைசி நிமிடத்தில் எல்லோருக்கும் திறப்பதில்லை. டாலியின் விசாரணையில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள், அவளுக்கும் லீஜன் என்ற கெத்துக்கும் சண்டை வந்தபோது இரண்டு பேரையும் சமாளித்தீர்களா, கோரிஸைக் காப்பாற்றினீர்களா, இதெல்லாம் கணக்கில் வரும். முந்தின கேமில் நீங்கள் செய்தது வரைக்கும் எண்ணப்படும். முன்னாடியே உழைக்காதவர்களுக்கு, யாரைச் சாக விடுவது என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம்.

"அவங்க செஞ்ச வினை, அனுபவிக்கட்டும்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. கெத்தை அணைக்க உத்தரவிட்டவர்கள் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கப்பலில் பிறந்த டாலிக்கு அதில் என்ன பங்கு? அவளுடைய பெயரின் கடைசிப் பகுதியே அவள் சார்ந்த கப்பலின் பெயர்தான். கப்பல் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும். தாத்தாவின் தாத்தா செய்த தப்புக்குப் பேத்தியை அலைய விடுவதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

நாம் எல்லாரும் நாளைக்கு ஏதாவது ஒன்றை உருவாக்கப் போகிறவர்கள். அதனால் கெத் கதையை "ஏஐ ஜாக்கிரதை" என்ற பாடமாக மட்டும் படித்துவிட்டுப் போவது சுலபம். அடுத்த முறை விளையாடும்போது எக்குனாவையும் அந்தக் கடைவீதியையும் கொஞ்சம் நின்று பாருங்கள். யாராவது வீடில்லாமல் இருந்தால் "நீ ஏன் இழந்தாய்?" என்று கேட்க எல்லோருக்கும் தெரிகிறது. "உன்னை உள்ளே விடாதது யார்? நீ இன்னும் யாரோடு பேசவில்லை?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க அந்தக் கேலக்ஸிக்கு 300 வருஷம் ஆனது.