வந்தவர் யார்?

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்று வயல்களாக விரிந்து கிடக்கும் நிலத்திற் பெரும்பகுதி அப்போது காடு. பின்னர், நூற்றாண்டின் நடுப்பகுதியில், உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதலிய குடியேற்றங்களிற் காணி பெற்று யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வந்தன. காட்டை வெட்டிக் கழனியாக்கிய அவர்களின் உழைப்பை நாம் மறுக்கவில்லை.

அதன்பின் மலையகத்து மக்கள் வந்தனர். எழுபதுகளின் தோட்டப் பஞ்சமும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் அவர்களை வன்னிக்குத் துரத்தின. முன்னவர் காணிப் பத்திரத்துடன் வந்தனர். பின்னவர் கைக்குழந்தையுடன் வந்தனர். இருசாராரும் வந்தவர்களே. ஆயினும் நமது பத்திரிகைகளில் முன்னவர் 'விவசாயிகள்'. பின்னவரோ அரை நூற்றாண்டு கடந்தும் 'குடியேறியவர்கள்'. இந்த வேற்றுமையை எந்த இலக்கணம் கற்பித்தது?

வர்க்கத்தின் இலக்கணமே கற்பித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. வெள்ளைத் துரைமாரின் இலாபத்துக்காகக் கங்காணிமார் அழைத்துவந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்குக் 'கள்ளத்தோணி' என்னும் வசை சூட்டப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. பத்திரிகையின் மொழி அதனை இன்னும் வழங்கவில்லை.

இவர்கள் வாழும் ஊர்கள் எப்போது அச்சேறுகின்றன? கசிப்புப் பிடிபட்டால், வெள்ளம் புகுந்தால், தேர்தல் வந்தால்! குற்றம் ஒருவனுடையது, தலைப்பில் நிற்பதோ ஊரின் பெயர். மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் காணி உறுதிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்களின் கதைக்கு மட்டும் பத்தியில் இடமில்லை.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் பற்றி 2010களில் நடந்த வாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் கிளிநொச்சி விவசாயி. மறுபுறம் யாழ்ப்பாணத்தின் தாகம். அதே நீர் பாயும் வயலிற் கூலிக்குக் களை பிடுங்கும் பெண், தனக்கெனப் பாசனக் காணி ஒரு பரப்பும் இல்லாதவள், எந்தத் தரப்பு? அவளை எந்த நிருபர் கேட்டார்?

பத்திரிகை இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது விதியன்று. 1920களிற் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையிலே தோட்டத் தொழிலாளரின் குறைகளை எழுதினார். உழைப்பவரின் பக்கம் நின்று எழுதும் மரபு நம்மிடமே உண்டு. அதனை நாம்தான் கைவிட்டோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நாளைய பத்திரிகையை வகுப்பறையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் பேசுபவர் யார், பேசப்படுபவர் யார் என்று கேளுங்கள். இம்மக்களை 'வந்தவர்' என்றெழுதும் கை, முதலில் இந்தக் குளத்தின் வயதை எழுதட்டும்.