முகத்தைச் சொல்லும் வார்த்தைகள்

நம் இதழின் மணமாலைப் பக்கத்துக்கு வந்திருந்த படிவங்களைச் சரிபார்த்து அடுக்கித் தரும் வேலையைச் செயலாளர் சென்ற மாதம் என்னிடம் ஒப்படைத்தார். ஓய்வு பெற்றவனுக்குச் சங்கத்தில் இப்படி ஏதாவது ஒரு வேலை வந்து சேர்ந்துவிடும். நட்சத்திரம், படிப்பு, சம்பளம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். 'நிறம்' என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறுத்தியது. முக்கால்வாசிப் பேர் 'ஃபேர்'. மிச்சம் பேர் 'வீட்டிஷ்'. ஒரே ஒரு அம்மாள் மட்டும் தைரியமாக 'மாநிறம்' என்று எழுதியிருந்தார். 'தோற்றம்' என்றால் எல்லோரும் 'ஸ்லிம்' அல்லது 'ஆவரேஜ்'. 'குணம்' என்றால் பெண்கள் அத்தனை பேரும் 'ஹோம்லி', பையன்கள் 'ஜாலி டைப்'.

பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய படிவம் என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

இவர்களில் பாதிப் பேரை நான் நாக்பூரில் நம் பொங்கல் விழாக்களில் கோலப் பொடியை மிதித்துக்கொண்டு ஓடிய வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பெண் சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். சிங்கப்பல் ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு பையன் எது கேட்டாலும் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்வான், சொன்னால் மாறமாட்டான். இன்னொருத்தி படபடவென்று பேசுவாள், ஆனால் யாரையும் புண்படுத்திப் பேசி நான் கேட்டதில்லை. இதில் ஒன்றுகூடப் படிவத்தில் இல்லை. படிவத்தில் இருப்பது கோதுமை நிறம். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்குக் கோதுமை நிறம் எப்போது வந்ததென்று தெரியவில்லை! 'ஹோம்லி' என்று நாம் பெருமையாக எழுதுகிறோமே, அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் பார்க்கச் சுமாராக இருப்பாள் என்று அர்த்தமாம். என் மருமகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதில் ஆங்கிலம் கலந்துவிட்டதே என்று புலம்ப நான் வரவில்லை. நாற்பது வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன், ஸ்லீப்பரைக் 'குறுக்குக் கட்டை' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் அல்ல. நான் சொல்ல வருவது வேறு. மனிதர்களின் முகத்தையும் மனநிலையையும் நடத்தையையும் சொல்ல நம்மிடம் இருந்த வார்த்தைகள் நூற்றுக்கணக்கில் போய், அந்த இடத்தில் ஏழெட்டு வார்த்தைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வார்த்தை போனால் கவனிப்பும் போய்விடுகிறது. இதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி சில மாதமாக 'டல்'லாக இருந்தாள். 'டல்' என்பது நான் வைத்த பெயர். போனில் மகள் கேட்டால், "அம்மா கொஞ்சம் டல்லா இருக்கா, வெயில்" என்பேன். நாக்பூர் வெயிலின் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம். அந்தச் சமயம் கும்பகோணத்திலிருந்து என் அண்ணி வந்தார். எண்பதை நெருங்கும் வயது, பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "என்னடா இது, இவ முகம் இப்படி ஊதிக் கெடக்கு? வெளிறிப் போயிருக்கா. பேச்சு வேற இழுக்குது. குரல் கட்டுன மாதிரி இல்ல?" ஊதியிருந்தது, வெளிறியிருந்தது, இழுத்தது, கட்டியிருந்தது. நான்கும் தினமும் என் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்தன. டாக்டரிடம் போனோம். அண்ணி சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். அவர் உடனே தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. இப்போது தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, நன்றாக இருக்கிறாள். இதைப் படித்துவிட்டு, 'என்னை எதற்கு இழுக்கிறீர்கள்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறாள் என்பது வேறு விஷயம்.

அண்ணிக்கு வைத்தியம் தெரியாது. முகத்தைப் பார்த்தால் பத்து விதமாகச் சொல்ல அவரிடம் வார்த்தை இருந்தது, அதனால் பத்து விதமாகப் பார்த்தார்.

எனக்கு இந்தப் பாடத்தை முதலில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கேங் மேட். எண்பதுகளின் நடுவில் வார்தா – பல்லார்ஷா பகுதியில் நான் இளைஞனாக, டிப்ளமா முடித்த கர்வத்தோடு, பாதைப் பராமரிப்பில் இருந்தேன். மேட் விழுப்புரம் பக்கத்துக்காரர். காலையில் நான் மஸ்டரில் ஆள் வந்தானா, வரவில்லையா என்று குறித்துக்கொண்டு போவேன். அவர் ஆளின் முகத்தைப் பார்ப்பார். லைனில் வேலை நடக்கும்போது 600 மீட்டரில் பானர் கொடி கட்டி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வைத்து, ஒருவன் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். அவன் கண் அசந்தால் ஜி.டி. எக்ஸ்பிரஸ் நேரே வேலை செய்கிறவர்கள் மேல் வந்துவிடும். ஒருநாள் நான் பெயர் சொல்லிக் கொடிக்கு அனுப்பிய ஆளை மேட் தடுத்துவிட்டார்.

"சார், அவன் மூஞ்சி சுண்டிப் போயிருக்குது சார். கொடிக்கு வேணாம். இங்கயே நம்ம பக்கத்துல பீட்டர் அடிக்கட்டும்."

"நேத்து ஒருத்தன் முகம் வாடியிருக்குன்னீங்க, அவனை மட்டும் அனுப்பினீங்களே?"

"அது பசி வாட்டம் சார், ரெண்டு ரொட்டி தின்னா சரியாப் போயிடும். இது அப்படியில்ல. யாரோ நாலு பேர் முன்னாடி இவன ஏதோ சொல்லிட்டாங்க. மனசு அங்கயே சுத்திக்கிட்டிருக்கும்."

மத்தியானம் விசாரித்தால் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் சம்பள வரிசையில் கடன்காரன் வந்து சட்டையைப் பிடித்திருக்கிறான். வாடுவது வேறு, சுண்டுவது வேறு, இறுகுவது வேறு, கறுப்பது வேறு. இன்று இந்த நான்கையும் நாம் 'டென்ஷன்' என்கிறோம். பரீட்சைக்குப் போகிற குழந்தைக்கும் டென்ஷன், பால் பொங்கி வழிந்தாலும் டென்ஷன், மனைவியை ஐ.சி.யு.வில் வைத்துவிட்டு வெளியே நிற்கிறவனுக்கும் டென்ஷன்.

கண் பார்ப்பதற்கு மட்டும் எத்தனை சொல் இருக்கிறது என்று ஒருநாள் பேரனோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். திருதிருவென்று விழிப்பவன் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன். மலங்க மலங்க விழிப்பவன் தப்பு எதுவும் செய்யவில்லை, என்ன நடக்கிறதென்றே அவனுக்குப் புரியவில்லை. பேந்தப் பேந்த விழித்தால் பயமும் சேர்ந்துகொண்டது. வெறித்துப் பார்ப்பவன் எதையும் பார்க்கவில்லை. முறைப்பது, உறுத்துப் பார்ப்பது, ஏறிட்டுப் பார்ப்பது, ஓரக்கண்ணால் பார்ப்பது என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அதே மாதிரி 'உம்'மென்று இருப்பவரைக் கொஞ்சம் தாஜா செய்து பேச வைக்கலாம்; 'உர்'ரென்று இருப்பவர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அமைதியான ஆளில்கூடச் சாது ஒருவர், சங்கோஜி ஒருவர், அழுத்தக்காரர் ஒருவர், கல்லுளிமங்கன் ஒருவர். நால்வரையும் 'இன்ட்ரோவர்ட்' என்று ஒரே பெட்டியில் ஏற்றிவிட்டால் சம்பந்தம் பேசப் போகிறவர் எப்படி ஐயா பிழைப்பார்?

பழைய நூல்காரர்கள் இதை அற்பமாக நினைக்கவில்லை. மனத்தில் எழுவது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே ஒதுக்கி, எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு நான்கு என்று முப்பத்திரண்டாக வகுத்தார். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் எழுதினார்: எழுபத்தொன்றாவது அரசனின் முகக் குறிப்பை அறிய, நூற்றுப்பத்தாவது காதலியின் கண் குறிப்பை அறிய. அந்த எட்டில் ஒன்றான 'வெகுளி' அன்று கோபம். இன்று கோபமே வராத அப்பாவிக்கு அதுதான் பெயர். வார்த்தைகள் மாறட்டும். இருந்தால்தானே மாறும்.

பழையதெல்லாம் தங்கம் என்று சொன்னால் அது பொய். நம் ஊர்களில் ஒருவனுக்குச் சொட்டை, கட்டை, நொண்டி என்று பட்டப்பெயர் வைத்து, செத்த பிறகும் அவன் வீட்டை அந்தப் பெயராலேயே அடையாளம் சொன்னோம். அவை ஒழிந்தால் எனக்குச் சந்தோஷமே. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று நம் பாட்டிமார் பெண் பார்த்துவிட்டு வந்து சொல்வார்களே, அதில் களை நல்ல சொல். கறுப்பும் நல்ல சொல். அந்த 'இருந்தாலும்'தான் பெண்ணைக் கொன்றது. என் தங்கை இரண்டு வருடம் அந்த 'இருந்தாலும்' கேட்டுக் கேட்டு, யாராவது விருந்தாளி வந்தாலே கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்று அவள் மகள் படிவத்திலும் 'ஃபேர்' என்றுதான் எழுதுகிறார்கள். பெண்ணோ அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

1975 முதல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்று விற்ற களிம்பே 2020-ல் 'குளோ அண்டு லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே வருடம் ஷாதி.காம் தன் தளத்தில் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. வியாபாரிகளே விட்டுவிட்ட கட்டத்தை நம் சங்கப் படிவம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான். மணமாலைப் படிவத்தில் 'நிறம்', 'தோற்றம்', 'குணம்' ஆகிய மூன்று கட்டங்களையும் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் நான்கு வரி காலியாக விட்டு, பெண்ணை அல்லது பையனை நன்றாகத் தெரிந்த ஒருவர் — அத்தையோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ — தமிழில் தம் சொந்த வார்த்தையில் எழுதட்டும். எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். "யார் இவ்வளவு படிப்பார்கள்?" என்று பொருளாளர் கேட்டார். நாலு பக்க ஜாதகத்தைப் படிக்கிறவர்கள் நாலு வரி படிக்க மாட்டார்களா?

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். பழம், பூ, பறவைப் பெயர்களோடு நிறுத்தாமல், வகுப்பில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்லி, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நிறத்தைச் சொல்லக் கூடாது, உடற்குறையைச் சொல்லக் கூடாது என்று இரண்டே விதி. வீட்டில் பேரனிடம் சோதித்தேன். முதலில் பாட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, "நார்மலா இருப்பாங்க" என்றான். பட்டியல் எழுதி ஒரு வாரம் கழித்து என்னைப் பற்றிக் கேட்டேன். "தாத்தா விறைப்பா நடப்பார். கோவம் வந்தா பேசமாட்டார், காது மட்டும் சிவந்துபோகும். பாட்டி திட்டினா அசடு வழிவார்" என்றான். பாட்டி சமையலறையிலிருந்து கைதட்டினாள்.

புதுப் படிவத்தின் மாதிரி ஒன்றைக் கையால் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த இதழுக்கான படிவம் அச்சுக்குப் போவதற்குள் செயற்குழு கூடும் என்று நினைக்கிறேன். எதிர்ப்பவர்களும் அன்று வந்து பேச வேண்டும்; அவர்கள் முகம் சுளிக்கிறதா, சுருங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.