பெயரறிந்து நடுவோம்

வீட்டு முற்றத்தில் புதுச்செடி ஒன்று பூத்தால் அதன் நிறத்தை வியக்கின்றோம்; அண்டை வீட்டாருக்கும் ஒரு கிளை ஒடித்துக் கொடுக்கின்றோம். பெயரை மட்டும் கேட்பதில்லை. தெரியாத அழகுச் செடிகள் அனைத்திற்கும் ‘குரோட்டன்ஸ்’ என்ற ஒரே பெயரைச் சூட்டி அமைகின்றோம்.

நம் மரபு இதுவன்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவந்தோறும் பெயர் கண்டது தமிழ். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்குகின்றார். புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. உற்று நோக்கிப் பெயரிடுவதே இவற்றின் அடிப்படை. மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அல்பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை அகரவரிசையில் தொகுத்தபோது, ஒரே செடிக்குப் பல மொழிகளில் வழங்கிய பெயர்களையும் குறித்து வைத்தார். பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும் அன்றோ?

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் கரிசல் வட்டாரத்தில் நீர் குறைவு; ஆடு மாடுகளும் மிகுதி. எனவே வறட்சி தாங்குவதும் கால்நடை கடிக்காததுமான அரளியை விரும்பி நடுகின்றோம். கால்நடை ஏன் கடிப்பதில்லை என்று எண்ணினோமா? அதன் எல்லா உறுப்புகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த பொன்னரளி வேறு இனம். நஞ்சு அதிலும் உண்டு. அரளியில் பெரும்பாலும் கணுவிற்கு மூன்று இலைகள், காய் நீண்டிருக்கும். பொன்னரளியில் இலைகள் மாறி மாறி அமையும். பூ மஞ்சள் நிறப் புனல் போன்றது. காய் பச்சை நிறத்தில் உருண்டு திரண்டிருக்கும். சிறுவர் விளையாடும் இடத்தில் இவற்றை நடுவோர் இவ்வளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரறியாமையின் தீங்கு வீட்டோடு நிற்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவிற்கு அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலை போன்ற காடுகளில் புல்வெளியை விழுங்கிப் புதராய் மண்டிக் கிடக்கின்றது. வந்தேறிச் செடியின் வலிமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் கண்மாய்களில் சீமைக் கருவேல் நிற்கின்றது.

சிவகாசி அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கு உருவாகும் பட்டாசுப் பெட்டியின்மேல் பெயரும் இருக்கும், எச்சரிக்கையும் இருக்கும். நாற்றுப் பண்ணையில் வாங்கும் செடிக்கு மட்டும் ஏன் சீட்டு இல்லை? தமிழ்ப்பெயர், தாவரவியற்பெயர், பிறந்த நாடு, நஞ்சு உண்டா இல்லையா என்னும் நான்கு செய்திகளே போதும். இதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

இப்பணியைக் கல்லூரிகளே தொடங்கலாம். தாவரவியல் மாணவர் இலையடுக்கும் பூவும் காயும் பார்த்து இனத்தைத் துணியட்டும். தமிழ் மாணவர் ஊர்ப் பெரியோரிடம் வழக்குப் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். வளாகத்துச் செடி ஒவ்வொன்றும் பெயர்ப்பலகை பெறட்டும். பூவைப் போற்றுவது நன்று. அதன் பெயரையும் குணத்தையும் அறிந்து போற்றுவது நம் பிள்ளைகளுக்கும் மண்ணுக்கும் நாம் செய்யும் கடமையாகும்.