மருந்து ஆலைக்குள் நடக்கும் பொய்யைக் கண்டவர் யாரிடம் போவார்?

மதிப்பிற்குரிய ஒன்றிய சுகாதார அமைச்சர் அலுவலகத்துக்கு,

2013 மே மாதம் மருந்து நிறுவனமான ரான்பாக்சியின் அமெரிக்கக் கிளை, தரமற்ற மருந்து விற்ற குற்றத்தை அந்நாட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த மருந்துகள் தயாரானவை இமாச்சலத்தின் பாவ்ன்டா சாகிப்பிலும் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸிலும். பொய்யை வெளியே கொண்டுவந்தவர் அந்நிறுவனத்தின் குர்கான் அலுவலகத்தில் வேலைபார்த்த தினேஷ் தாக்கூர். அவருக்கு நம் நாட்டில் ஏன் ஒரு கதவும் திறக்கவில்லை?

மருந்து கெடாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் எனத் தவணை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்த ஆலைகளில் பல மாதச் சோதனைகளை ஒரே நாளிலோ அடுத்தடுத்த சில நாட்களிலோ முடித்துவிட்டு, உரிய காலத்தில் செய்ததாக எழுதிவைத்தார்கள். மாதிரிகளைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்திருந்தார்கள். கடையிலிருந்து எடுத்த ஒரு மாத்திரையை அரசு ஆய்வகம் எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் இந்தப் பொய் பிடிபடாது. பதிவேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஊழியருக்கு மட்டுமே அது தெரியும்.

அப்படிப்பட்ட ஊழியரை நம்பித்தான் அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைச் சட்டம் நிற்கிறது. உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றவர்களைப் பிடிக்க 1863இல் வந்த சட்டம் அது. அரசை ஏமாற்றியவர்மீது அரசின் சார்பில் தனிமனிதரே வழக்குப் போடலாம். வழக்கு முதலில் முத்திரையிட்டு ரகசியமாக வைக்கப்படும். அரசு அதற்குள் விசாரித்துக்கொள்ளும். மீண்ட பணத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை அவருக்கு உண்டு. மெடிக்கெய்ட், மெடிக்கேர் போன்ற அமெரிக்க அரசு மருத்துவத் திட்டங்களை ஏமாற்றியதற்காக மட்டும் ரான்பாக்சி கட்டியது 35 கோடி டாலர். தாக்கூருக்குக் கிடைத்தது 4.8 கோடி டாலருக்கு மேல். பணத்தாசை பொய்ப் புகாரைக் கிளப்பும் என்பார்கள். ஆதாரமில்லாத வழக்கு அரசின் விசாரணையைத் தாண்டுவது கடினம். வேலையையும் பெயரையும் பணயம் வைக்கிறவருக்குப் பங்கு கொடுப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

இங்கே 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முறைகேடு அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியரின் முறைகேட்டை மட்டுமே தொடும். பட்டியலிட்ட நிறுவனங்களில் புகார் முறை இருக்கிறது. புகார் போவதோ அதே நிறுவனத்தின் தணிக்கைக் குழுவுக்கு. 2016இல் மருந்துக் கட்டுப்பாட்டின் ஓட்டைகளை எடுத்துக்கொண்டு தாக்கூர் உச்ச நீதிமன்றம் போனார்; நீதிமன்றம் மனுவை விசாரணைக்கே ஏற்கவில்லை. 2023இல் நாம் செய்ததோ, தரமற்ற மருந்துக் குற்றங்கள் சிலவற்றைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி திறந்தது. இது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மருந்துச் சட்டத்தைத் திருத்துவது உங்கள் அமைச்சகத்தின் வேலை. அடுத்த திருத்தத்தில் தனி அத்தியாயம் ஒன்று சேருங்கள். மருந்து ஆலை ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, தன் பெயர் வெளிவராமல் புகார் தர ஒரு அதிகாரி வேண்டும். புகார் தந்தவரை வேலையைவிட்டு நீக்கினால் நிறுவனத்துக்குத் தண்டனை வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு விற்ற மருந்தில் மோசடி இருந்தால் அவரே வழக்குப் போடவும், மீண்ட தொகையில் பங்கு பெறவும் உரிமை வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்